யுஎஸ்பி - பேரலல் அச்சுப்பொறி மாற்றி

யுஎஸ்பி - பேரலல் அச்சுப்பொறி மாற்றி என்பது, பேரலல் போர்ட் எனப்படும் இணைத் துறையை மட்டுமே கொண்ட பழைய அச்சுப்பொறியை, அத்துறை இல்லாத கணினியுடன் யுஎஸ்பி வழியாக இணைக்கப் பயன்படும் கருவி ஆகும். பார்வைக்கு இது ஒரு சாதாரண வடம் போலவே தோன்றும். எனினும் இதன் ஒரு முனையின் உறைக்குள் ஒரு சில்லு உள்ளது. வெறும் கம்பிகளைக் கொண்டு இவ்விரு இடைமுகங்களையும் இணைக்க இயலாது.

வரலாறு

இணைத் துறை, சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970 இல் வெளியிட்ட மாடல் 101 அச்சுப்பொறியுடன் அறிமுகமானது. அச்சுப்பொறியின் பக்கம் 36 முனை இணைப்பியும், 1981 இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் பக்கம் 25 துளை இணைப்பியும் அமைந்தன. 1994 இல் இது ஐ.இ.இ.இ. 1284 என்னும் சீர்தரமாயிற்று. 1996 இல் யுஎஸ்பி வந்த பின்னர், இத்துறை கணினிகளில் இருந்து படிப்படியாக மறைந்தது. ஆனால் எச்பி லேசர்ஜெட் 4 போன்ற அச்சுப்பொறிகள் கணினிகளை விட நீண்ட காலம் உழைப்பவை. கார்பன் படிகளுடன் பற்றுச்சீட்டு அச்சிட டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியே தேவை.

இயங்கும் முறை

இணைத் துறையில் ஒரு பைட்டின் 8 பிட்டுகளும் 8 கம்பிகளில் ஒரே நேரத்தில் செல்லும். தரவு ஆயத்தம் என்பதை ஸ்ட்ரோப் குறிகை அறிவிக்கும். அச்சுப்பொறி பிசி என்னும் குறிகையை விலக்கும் வரை அடுத்த பைட்டு காத்திருக்கும். யுஎஸ்பியிலோ தரவு பொதிகளாக, பிட்டுப் பிட்டாக வருகிறது. மாற்றியின் சில்லு பொதிகளைப் பிரித்து, இக்குறிகைகளைத் தானே உருவாக்குகிறது. அதற்கான மின்சாரம் யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் இருந்து கிடைக்கிறது.

கணினிக்கு இம்மாற்றி ஒரு துறையாகத் தெரிவதில்லை. ஒரு யுஎஸ்பி அச்சுப்பொறியாகவே தெரிகிறது. பெரும்பாலான குழப்பங்களுக்கு இதுவே காரணம். விண்டோசில் எல்பிடி1 உருவாகாது. யுஎஸ்பி001 என்பது போன்ற மெய்நிகர் துறையே உருவாகும். இயக்கியை எல்பிடி1 இல் நிறுவிவிட்டு, நல்ல அச்சுப்பொறியைப் பழுதென ஒதுக்குவோர் உண்டு. எல்பிடி1 ஐ மட்டுமே அறிந்த டாஸ் நிரல்களுக்கு, அச்சுப்பொறியைப் பகிர்ந்து, நெட் யூஸ் கட்டளையால் அப்பெயரைப் பகிர்வுக்கு ஒதுக்கலாம். துறையின் முகவரிக்கு நேரடியாக எழுதும் நிரல்களுக்கு இம்மாற்றி பயன்படாது. அவற்றுக்கு உண்மையான இணைத் துறை கொண்ட விரிவாக்க அட்டை வேண்டும்.

இயக்கி

மாற்றி வழியை மட்டுமே அமைத்துத் தருகிறது. இயக்கி தனியே தேவை. வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. பிசிஎல், இஎஸ்சி/பி போன்ற பொது அச்சு மொழிகளை அறிந்த அச்சுப்பொறிகளுக்கு, அதே மொழியைப் பேசும் வேறு மாதிரியின் இயக்கி பெரும்பாலும் போதுமானது. பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியிடம் விட்டுவிடும் மலிவு அச்சுப்பொறிகளுக்கு இது பொருந்தாது. விண்டோசில் எழுத்துகளை மட்டும் அனுப்பும் பொது இயக்கியும் உண்டு; ஆனால் அதன் வழியே தமிழ் அச்சாகாது.

இணைக்கும்போது

36 முனை இணைப்பி கொண்ட மாற்றியை அச்சுப்பொறியில் நேரடியாகப் பொருத்தலாம். 25 துளை கொண்டதற்குப் பழைய அச்சுப்பொறி வடமும் வேண்டும். சில அச்சுப்பொறிகளில் 25 துளை கொண்ட தொடர் துறையும் இருக்கும். அதன் மின்னழுத்தம் வேறு என்பதால் அதில் இணைத்தல் கூடாது. யுஎஸ்பி முனையைப் போலன்றி, அச்சுப்பொறியின் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இணைத் துறையின் முனையைச் செருகவோ கழற்றவோ வேண்டும்.