சவுக்காரத்தின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? – சுண்ணாம்புக் கம்பம் முதல் செம்பனை வரை



தமிழ்நாட்டார் ‘சோப்பு’ என்று வழங்குவதை இலங்கைத் தமிழர் ‘சவர்க்காரம்’ என்பர். மலாயாவிலும் சிங்கையிலும் நம் முன்னோர் ‘சவுக்காரம்’ என்றனர். இச்சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘காரம்’ வெறும் ஓசையன்று. கொழுப்பும் காரமும் கூடினால்தான் சவுக்காரம் பிறக்கும் என்னும் வேதியியல் உண்மையின் ஒரு பாதியைச் சொல்லே சுமந்து நிற்கிறது. மறு பாதியாகிய கொழுப்பு எங்கிருந்து வந்தது, அதற்குப் போட்டியிட்டவர் யாவர், அதன் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் ஒரு டன் தேங்காய் எண்ணெயின் விலை 2,500 அமெரிக்க டாலரைத் தாண்டியது. தலைக்கும் சமையலுக்கும் எண்ணெய் வாங்குவோரைப் போலவே சவுக்காரம் செய்வோரும் திகைத்தனர். ஆயினும் வரலாற்றை அறிந்தவருக்கு இது புதிதன்று. கொழுப்புப் பந்தியில் சவுக்காரம் எப்போதும் கடைசியில் அமரும் விருந்தாளி. மற்றவர் உண்டு எஞ்சியதே அதற்குக் கிடைத்து வந்திருக்கிறது.

சுண்ணாம்பும் கால்நடையும்

நம் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் பழைய பெயர்களிலிருந்தே தொடங்கலாம். கம்போங் காப்பூர் என்னும் மலாய்ப் பெயரில் ‘காப்பூர்’ என்பது சுண்ணாம்பைக் குறிக்கும். தமிழர் இவ்வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே அழைத்தனர். அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் என்பதற்கு எருமைப் பட்டி என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குக் கால்நடை வணிகம் செழித்தது. பஃபலோ சாலையும், கால்நடை வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் அதற்கு இன்றும் சான்று பகர்கின்றன.

இங்குச் சுடப்பட்ட சுண்ணாம்பு கட்டடங்களுக்கும், வளர்க்கப்பட்ட மாடுகள் பாலுக்கும் வண்டிக்கும் இறைச்சிக்கும் பயன்பட்டன. ஆனால் சுண்ணாம்பும் கால்நடையும் பழங்காலச் சவுக்காரத் தொழிலுக்கும் அடிப்படையாக இருந்தவை. சாம்பற் காரத்தையோ சோடாவையோ சுண்ணாம்புடன் சேர்த்தால் கடுங்காரம் கிடைக்கும். அதனை மாட்டுக் கொழுப்புடன் காய்ச்சுவதே ஐரோப்பிய முறை.

காரத்தின் சிக்கல் விரைவில் தீர்ந்தது. 1791இல் பிரான்சின் நிக்கோலா லெப்லாங் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இத்தொழில் நடைபெறுகிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சவுக்காரமாக்க ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா போதும். ஆகவே சவுக்காரத்தின் அடக்கவிலையைப் பெரிதும் தீர்மானிப்பது கொழுப்பே.

கொப்பரையின் காலம்

எல்லாக் கொழுப்பும் ஒரே தன்மையுடையவை அல்ல. மாட்டுக் கொழுப்பு கட்டிக்கு உறுதி தரும். ஆனால் நுரை குறைவு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதுவே விரைந்து பொங்கும் நுரைக்குக் காரணம். எனவே நான்கு பங்கு மாட்டுக் கொழுப்புக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் என்னும் கலவை குளியல் சவுக்காரத்தின் பொது விதியாயிற்று. அந்த ஒரு பங்கிற்காகவே ஐரோப்பா கீழ்த்திசைத் தீவுகளை நாடியது.

சிங்கப்பூர் இதற்கு ஏற்ற துறைமுகமாக அமைந்தது. காத்தோங் முதலிய கிழக்குக் கடற்கரைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் பரந்திருந்தன. அதைவிடப் பெரிய அளவில், அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொப்பரை இங்கு வந்து குவிந்து ஐரோப்பாவிற்குக் கப்பலேறியது. லிம் பெங் சியாங் 1904இல் தொடங்கிய ஹோ ஹொங் நிறுவனம் எண்ணெய் ஆலைத் தொழிலிலும் பெயர் பெற்றது.

அவ்வேளையில் ஒரு புதிய போட்டி முளைத்திருந்தது. 1869இல் பிரான்சில் வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரின் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அதற்குத் தாவர எண்ணெய்களும் தேவைப்பட்டன. சவுக்காரக் கொப்பரையும் மார்கரின் கொப்பரையும் ஒன்றே! 1884இல் ‘சன்லைட்’ என்னும் பெயரைப் பதிந்த வில்லியம் லீவர், பிறரை நம்பியிருக்க விரும்பாமல் சாலமன் தீவுகளில் தென்னந்தோட்டங்களை வாங்கினார். 1911இல் பெல்ஜியக் காங்கோவில் எண்ணெய்ப்பனை நிலங்களைப் பெற்றார். அங்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர் வற்புறுத்தி வேலை வாங்கப்பட்ட கொடுமையும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. இறுதியில், 1929இல் லீவர் நிறுவனமும் மார்கரின் நிறுவனமும் இணைய ஒப்பி, யூனிலீவர் உருவாயிற்று. ஒரே மூலப்பொருளுக்காக இருவரும் போட்டியிட்டமை இவ்விணைப்பின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. முதல் உலகப்போரால் மைசூர்ச் சந்தனக்கட்டையின் ஏற்றுமதி தடைப்பட்டது. தேங்கிய கட்டையிலிருந்து உள்நாட்டிலேயே எண்ணெய் வடிக்கும் முயற்சி 1916இல் பிறந்தது. மைசூர் சந்தன சவுக்காரம் அதன் விளைவே. கொப்பரையை அப்படியே கப்பலேற்றாமல் கொச்சிப் பகுதியிலேயே ஆட்டுவதற்காக 1917இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் எழுந்தது. நம் வீடுகளில் புழங்கிய ‘ஹமாம்’ அந்நிறுவனத்தின் படைப்பாகும்.

தட்டுப்பாட்டுக் காலம்

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் கப்பல்கள் நின்றன. அரிசியோடு சவுக்காரமும் அரிதாயிற்று. சாங்கி சிறைமுகாமில் இருந்தோர் பாமாயிலையும் விறகுச் சாம்பலின் காரத்தையும் கொண்டு சவுக்காரம் காய்ச்சினர். தொழிற்சாலைக்கு முந்திய முறைக்கே மனிதர் திரும்ப நேர்ந்தது. இறக்குமதியை நம்பி வாழும் ஒரு தீவுக்கு அக்காலம் கற்பித்த பாடம் சிறிதன்று.

செம்பனையும் தமிழர் உழைப்பும்

பாமாயிலைத் தரும் எண்ணெய்ப்பனையை நம்மவர் ‘செம்பனை’ என்று அழகாகப் பெயரிட்டனர். இது ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1870களில் சிங்கப்பூர்ப் பூமலைக்கும் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் அது வெறும் அழகு மரமே. 1911இல் சுமத்ராவிலும், 1917இல் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியேவாலும் வணிக நோக்கில் பயிரிடப்பட்டது.

1960களில் ரப்பரின் விலை சரியத் தொடங்கியபோது மலேசியத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால் மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் குலை வெட்டவும் உதிரி பொறுக்கவும் கற்றுக்கொண்டன. அக்காலத்தில் செம்பனைப் பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு வண்டினத்தை ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் விடுவித்தனர். வண்டுகள் மகரந்தம் பரப்பியதால் விளைச்சல் உயர்ந்தது. கையால் தூவும் வேலை மறைந்தது. விலை மலிந்ததன் பின்னே வேலை இழந்தோரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1983இல் இந்தியாவில் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்ததாகப் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. அதன் இறக்குமதி தடை செய்யப்பட்டது. இந்தியச் சவுக்காரத் தொழில் தாவர எண்ணெய்களையே மேலும் சார்ந்தது. மாட்டுக் கொழுப்பின் இடத்தைப் பாமாயிலின் கெட்டிப் பகுதியும், தேங்காய் எண்ணெயின் இடத்தைச் செம்பனைப் பருப்பெண்ணெயும் பெருமளவு பிடித்தன. இன்று மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ‘சோப்பு நூடுல்ஸ்’ எனப்படும் சிறு துண்டுகளாக அடிப்படைச் சவுக்காரத்தைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். வாங்குவோர் மணமும் நிறமும் சேர்த்து அச்சிடுகின்றனர். 1991இல் தொடங்கப்பட்ட வில்மார் போன்ற பெரும் பாமாயில் நிறுவனங்களின் தலைமையகம் நம் சிங்கப்பூரிலேயே உள்ளது.

மலிவான கொழுப்புக்கு வேறொரு விலையும் உண்டு. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் செம்பனைக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் நிலம் திருத்த மூட்டிய தீயின் புகைமூட்டம் நம்மைப் பலமுறை சூழ்ந்தது. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டதை ஆசிரியர் பலரும் நினைவுகூர்வர்.

பந்தியில் புதிய விருந்தாளி

மார்கரினுக்கும் சமையலுக்கும் அடுத்தபடியாக, இந்நூற்றாண்டில் எரிபொருளும் பந்தியில் அமர்ந்துவிட்டது. இந்தோனேசியா 2025 முதல் டீசலில் 40 விழுக்காடு பாமாயில் எரிபொருளைக் கலக்கும் கொள்கையை மேற்கொண்டது. பிலிப்பீன்ஸ் 2024 அக்டோபரில் தேங்காய் எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருளின் கலப்பை 3 விழுக்காடாக உயர்த்தியது. முந்திய வறட்சியால் காய்ப்புக் குறைந்திருந்த வேளையில் இதுவும் சேர்ந்தது. 2025இன் விலையேற்றத்திற்கு இவை முக்கியக் காரணங்கள்.

அரசின் ஓர் ஆணையே சந்தையைக் குலுக்கவும் வல்லது. உள்நாட்டுச் சமையல் எண்ணெய் விலையைக் கட்டுப்படுத்த இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. உணவுக்கு முதலிடம் என்பது நியாயமே. எனினும் உணவு, எரிபொருள் ஆகிய இரண்டிற்கும் பின்னரே சவுக்காரத்தின் முறை வருகிறது.

இனி எவ்வாறு இருக்கும்?

எதிர்காலத்தை உறுதியாகக் கூற எவராலும் இயலாது. ஆயினும் வரலாறு சில போக்குகளைக் காட்டுகிறது. தென்னையில் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடம் உள்ளது, மரங்களும் முதுமையடைந்துள்ளன. இன்று நடும் நெட்டைத் தென்னை நன்கு காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். செம்பனையையும் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி நட வேண்டும். ஆகவே ஒரு நல்ல மழைக்காலம் விலையைத் தணிக்கலாம். அடிப்படைப் போட்டியைத் தணிக்காது. நுரை தரும் எண்ணெய்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாதலின், ஒன்று ஏறினால் மற்றொன்றும் ஏறும்.

இந்நெருக்கடியை உற்பத்தியாளர் மூன்று வழிகளில் சமாளிக்கின்றனர்: விலையை உயர்த்துதல், கட்டியின் எடையைக் குறைத்தல், கொழுப்பின் அளவைக் குறைத்தல். முதலாவது உடனே கண்ணில் படும். ஏனைய இரண்டும் உறையைப் படித்தால்தான் தெரியும். இந்தியச் சவுக்கார உறைகளில் ‘டி.எஃப்.எம்.’ என்று ஒரு விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவே அது. இந்தியத் தர விதிப்படி முதல் தரத்திற்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்திற்கு 70, மூன்றாம் தரத்திற்கு 60 விழுக்காடு வேண்டும். அதனினும் குறைந்தவை ‘குளியல் கட்டி’ என்னும் வேறு வகையில் அடங்கும்.

வகுப்பறைக்கு ஒரு செயல்

மாணவர்களைத் தத்தம் வீட்டுச் சவுக்கார உறைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். எந்த நாட்டில் செய்யப்பட்டது, எடை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தமிழில் அட்டவணை எழுதச் செய்யலாம். பின்னர் உலகப் படத்தில் போகோர், சிலாங்கூர், கொச்சி, சாகுபுரம் ஆகிய இடங்களைக் குறிக்கச் சொல்லலாம். கொப்பரை, செம்பனை, காரம், குலை ஆகிய சொற்கள் பாடநூலைத் தாண்டி உயிர்பெறும். வீட்டில் தாத்தா பாட்டியருள் எவரேனும் தோட்டப்புறத்தில் வளர்ந்திருந்தால், அவரிடம் கேட்டு எழுதும் ஒரு பத்தி அவ்வட்டவணையை நிறைவு செய்யும்.

பத்து நாளில் கரைந்துபோகும் ஒரு கட்டிக்குள் இத்தனை மனிதரின் உழைப்பு உள்ளது என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தால், விலைச்சீட்டை மட்டும் பார்க்கும் பழக்கம் மாறும். அதற்கு மொழிவகுப்பைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?