கடல் மோதல் தடுப்பு விதிகள்

எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவது, இரவில் எந்த விளக்கை எங்கே ஏற்றுவது, மூடுபனியில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சங்கு ஊதுவது என்பதையெல்லாம் வகுத்துச் சொல்லும் பன்னாட்டுச் சட்டம் இது. கப்பல் அதிகாரிகளின் பேச்சில் இதன் பெயர் 'கோல்ரெக்ஸ்'. மூத்தவர்களுக்கு 'ரூல் ஆஃப் தி ரோடு'. இன்று நடப்பில் இருப்பது 1972இல் லண்டனில் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் செல்லுபடியாகும் வடிவம். காவல் நேரத்தில் பிரிட்ஜ் எனும் இயக்கு மேடையில் நிற்கும் அதிகாரி வேறு எந்தச் சட்டத்தை மறந்தாலும் சமாளித்துவிடலாம், இதை மறந்தால் முடியாது.

பாய்மரக் காலத்தில் சட்டம் குறைவு, வழக்கமே அதிகம். காற்றை எதிர்த்து முக்கி ஓடும் கப்பலுக்குக் காற்றோடு ஓடுவது வழிவிட வேண்டும் என்பது மாலுமிகள் தமக்குள் வைத்திருந்த ஒழுங்கு. நீராவி வந்து அதைக் குலைத்தது. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் நேராக ஓடும் கப்பலை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1840இல் லண்டனின் டிரினிட்டி ஹவுஸ் என்ற கடல்துறை அமைப்பு ஒரு விடை சொன்னது: எதிர்ப்படும் நீராவிக் கப்பல்கள் இரண்டும் வலப்புறம் ஒதுங்கி, இடப்பக்கத்தோடு இடப்பக்கமாகக் கடந்துபோக வேண்டும். 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. 1848இல் நீராவிக் கப்பல்களுக்கான விளக்கு விதிகளும் அதில் சேர்ந்தன.

இந்த விளக்குகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் கப்பலின் முகப்பிலிருந்து சரியாக 112.5 பாகை வரைதான் தெரிய வேண்டும்; பின்விளக்கு 135 பாகை. அரைப் பாகை எங்கிருந்து வந்தது என்று புதிதாகப் படிப்பவர் முழிப்பார். பழைய திசைகாட்டியில் வட்டம் 32 கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கூறு 11.25 பாகை. இடப்பக்கத்துக்குப் பத்து, வலப்பக்கத்துக்குப் பத்து, பின்னுக்குப் பன்னிரண்டு என்று பிரித்தால் வட்டம் மீதமில்லாமல் நிறைகிறது. குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு தெரிந்தால் அது நம் வலப்பக்கத்தில் இருக்கிறது, ஒதுங்க வேண்டியவர் நாம். பச்சை தெரிந்தால் ஒதுங்க வேண்டியது அந்தக் கப்பல். ஒரு வார்த்தை பேசாமல், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் இரவில் உடன்பாட்டுக்கு வர இவ்வளவு போதும்.

1863இல் பிரிட்டிஷ் வணிக வாரியம் பிரெஞ்சு அரசோடு கலந்து வகுத்த தொகுப்பை அடுத்த ஆண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. அதே வாரியத்தில் அதிகாரியாக இருந்த தாமஸ் கிரே, 1867இல் விதிகளைச் செய்யுளாகவே எழுதிவிட்டார். சட்டப் பிரிவு மனத்தில் நிற்காது, பாட்டு நிற்கும் என்ற அவருடைய கணக்கு தப்பவில்லை. இன்றைக்கும் மாலுமிகள் அதை முணுமுணுக்கிறார்கள்.

ஆனால் திறந்த கடலுக்கு விதி வந்த பிறகும் ஆறுகளில் உள்ளூர்ப் பழக்கமே கோலோச்சியது. 1878 செப்டம்பர் 3 மாலை, ஷீர்னஸிலிருந்து உல்லாசப் பயணிகளோடு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'பிரின்சஸ் ஆலிஸ்', தேம்ஸ் ஆற்றில் 'பைவெல் காசில்' என்ற நிலக்கரிக் கப்பலோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. இறந்தவர்கள் 600க்கும் மேல். பயணக் கப்பல் நீரோட்டத்துக்குத் தோதாகக் கரையை ஒட்டிப் போகும் ஆற்று வழக்கப்படி வந்தது. எதிரே வந்த கப்பல் வேறொன்றை எதிர்பார்த்தது. அதன் பிறகே, 1880இல், தேம்ஸிலும் இடப்பக்கத்தோடு இடப்பக்கம் என்பது கட்டாயமானது.

1889இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு வகுத்த விதிகள் 1897இல் நடப்புக்கு வந்தன. சில்லறைத் திருத்தங்களோடு அரை நூற்றாண்டு ஓடின. இந்தக் காலத்து விசாரணைக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். சுக்கான் ஆணைகள் அன்று தலைகீழ். 'ஸ்டார்போர்டு' என்று கத்தினால் சுக்கான் தண்டு வலப்பக்கம் போகும், கப்பல் இடப்பக்கம் திரும்பும். 1912இல் டைட்டானிக்கின் பிரிட்ஜில் எழுந்த ஆணையும் அப்படிப்பட்டதே. அதிகாரி குழம்பவில்லை, அவர் வேண்டிய பக்கம்தான் கப்பல் திரும்பியது. 1930களில்தான் ஆணை சொல்லும் பக்கமும் கப்பல் திரும்பும் பக்கமும் ஒன்றாயின.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வணிகக் கப்பல்களில் ராடார் ஏறியது. மூடுபனி இனி ஒரு பொருட்டல்ல என்று பலரும் நம்பினார்கள். 1956 ஜூலை 25 இரவு, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, ஜெனோவாவிலிருந்து நியூயார்க் நோக்கி வந்த இத்தாலிய 'ஆண்ட்ரியா டோரியா'வும் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஸ்வீடன் நாட்டு 'ஸ்டாக்ஹோம்' கப்பலும் ஒன்றையொன்று ராடாரில் பார்த்தபடியே நெருங்கின. இத்தாலியக் கப்பல் பனிக்குள்ளும் மணிக்கு 20 கடல்மைலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கண்ட புள்ளியைத் தாளில் குறித்து அதன் போக்கைக் கணிக்கவும் இல்லை. வலப்பக்கமாகக் கடக்கலாம் என்று அது இடப்புறம் ஒதுங்க, வழக்கப்படி ஸ்டாக்ஹோம் வலப்புறம் திரும்ப, ஸ்டாக்ஹோமின் முகப்பு ஆண்ட்ரியா டோரியாவின் விலாவில் பாய்ந்தது. இரண்டு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்துவிட்டதால் குற்றம் யாருடையது என்ற தீர்ப்பே வரவில்லை. வாதம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

விதிகளை 1960இல் திருத்தியபோது ராடாரைப் பயன்படுத்துவது பற்றி ஓர் இணைப்பு சேர்ந்தது. அரைகுறைத் தகவலை நம்பி முடிவெடுப்பது ஆபத்து என்பதே அதன் சாரம். அது வெறும் பரிந்துரை. 1972இல் ஏழாம் விதிக்குள் புகுந்து கட்டாயமாயிற்று.

இன்னொரு பாடம் டோவர் நீரிணையில் கிடைத்தது. போகிற கப்பலுக்கு ஒரு தடம், வருகிற கப்பலுக்கு ஒரு தடம் என்று 1967இல் அங்கே பிரித்தார்கள். பின்பற்றுவது அவரவர் விருப்பம். 1971 ஜனவரி 11 அன்று 'டெக்சகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல், பெரு நாட்டு 'பராகாஸ்' மோதி மூழ்கியது. மறுநாள் ஜெர்மானிய 'பிராண்டன்பர்க்' அந்தச் சிதைவில் இடித்து மூழ்கியது. எச்சரிக்கை மிதவைகள் இட்ட பிறகும், பிப்ரவரி 27 அன்று கிரேக்கக் கப்பல் 'நிக்கி' அதே இடத்தில் போயிற்று. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. விருப்பம் கட்டாயமாகி, 1972 தொகுப்பில் பத்தாம் விதியாக வந்தது.

அந்தத் தொகுப்பின் உயிர்நாடி பதினேழாம் விதி. வழிவிடத் தேவையில்லாத கப்பல் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும் என்பது பழைய சட்டம். எதிராளி மட்டும் முயன்று இனி மோதலைத் தவிர்க்க முடியாது என்ற கட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. பெரிய கப்பல் திரும்பவும் நிற்கவும் எடுத்துக்கொள்ளும் தூரத்தில் அது காலங்கடந்த அனுமதி. எதிராளி ஒதுங்கவில்லை என்று தெளிவானதுமே தானும் நடவடிக்கை எடுக்கலாம் என்று 1972 மாற்றியது. கவனித்துப் படித்தால் புரியும்: இந்த விதிகள் யாருக்கும் 'வழியுரிமை' தருவதில்லை, கடமையை மட்டுமே பங்கிடுகின்றன. விதியை அப்படியே பின்பற்றினேன் என்று சொல்லித் தப்பவும் இரண்டாம் விதி இடம் தருவதில்லை. உடனடி ஆபத்தைத் தவிர்க்கத் தேவையானால் விதியிலிருந்து விலகவும் வேண்டும்.

இந்தியாவில் 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் 1975இல் இவை விதிகளாயின. சென்னையில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கான 'ஓரல்ஸ்' எனும் வாய்மொழித் தேர்வுக்குப் போகும் இளைஞர்கள் மிகவும் அஞ்சுவது இந்தப் பாடத்துக்குத்தான். எந்தக் கப்பல், எந்த விளக்கு, நீ என்ன செய்வாய் என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும்.

சான்றிதழ் பெற்றவர்களும் சறுக்குவார்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' கப்பலும் எண்ணெயோடு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் மோதின. கசிந்த எண்ணெய் கரையில் ஒதுங்க, மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளியதைத் தமிழகம் பார்த்தது.

அதே கடலில் மீனவருக்கும் இந்தத் தொகுப்பில் இடம் உண்டு. வலை போட்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் ஒதுங்க வேண்டும்; ஆனால் தடம் பிரித்த வழியில் போகும் கப்பலுக்குப் படகு இடைஞ்சல் செய்யக் கூடாது. இழுவலைப் படகுக்கு வெள்ளைக்கு மேல் பச்சை, மற்ற வலைக்கு வெள்ளைக்கு மேல் சிவப்பு. துடுப்புப் படகுக்கு ஒரு கைவிளக்குகூடப் போதும். மோதலைத் தடுக்கும் அளவுக்கு முன்னதாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் மேசையில் இருப்பது ஆளில்லாக் கப்பல். எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிக்க வேண்டும் என்கிறது ஐந்தாம் விதி. கேமராவையும் ஒலிவாங்கியையும் அந்தக் கண்ணாகவும் காதாகவும் எடுத்துக்கொள்ளலாமா, கரையிலிருந்து இயக்குபவர் கப்பல் தலைவரா என்ற கேள்விகளை உறுப்பு நாடுகள் விவாதித்து வருகின்றன.