கோல் காப்பாளரின் கையைக் கட்டிய உதை



வலயமட்ட உதைபந்தாட்டம் நெருங்கும் நாள்களில் நெல்லியடிப் பக்கம் எந்த மைதானத்து ஓரத்தில் நின்றாலும் ஒரு வாக்குவாதம் காதில் விழும். பின்கள வீரன் பந்தைத் தன் கோல் காப்பாளருக்குத் தட்டிவிடுவான். அவன் குனிந்து கையில் எடுப்பான். நடுவர் ஊதுவார். உடனே வேலியோரம் நிற்கும் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, அவன் பெட்டிக்குள்ளதானே எடுத்தவன்?" என்று கேட்பார். அவர் விளையாட்டுத் தெரியாதவர் அல்லர். அவர் விளையாடிய காலத்தில் அது பிழையே இல்லை. அந்தச் சட்டம் மாறிய வருடங்களில் எங்கள் குடாநாடு எந்த நிலையில் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

உதைக்கும் சட்டங்கள் முதலில் பிறந்ததே பள்ளிக்கூடங்களில்தான். இங்கிலாந்தில் ஈற்றன், ஹரோ, றக்பி என்று ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒவ்வொரு சட்டம். 1848இல் கேம்பிரிட்ஜில் பல பாடசாலைகளின் பழைய மாணவர்கள் கூடி ஒரு பொதுச்சட்டம் எழுதினார்கள். 1863இல் லண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் உருவானது. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதைத் தடைசெய்யக் கூடாது என்று பிளாக்ஹீத் கழகம் கோபித்துக்கொண்டு எழுந்து போனது! அந்தப் பக்கம் போனவர்களின் ஆட்டந்தான் பிறகு றக்பியாக நிலைத்து, கடல் கடந்து அமெரிக்காவில் இன்னொரு உருவம் எடுத்தது.

அமெரிக்கப் பாடசாலை ஆட்டத்தில் ஒரு நல்ல விடயம் உண்டு. பெரியவர்களுக்குக் கோல் கம்பங்களுக்கு இடையில் 18 அடி 6 அங்குலம் என்றால், பாடசாலைப் பிள்ளைகளுக்கு 23 அடி 4 அங்குலம். பந்தை 2 அங்குல உயரத் தாங்கியில் வைத்து உதைக்கவும் விடுகிறார்கள். எங்கள் உதைபந்தாட்டத்திலும் சிறுவர்களுக்காகப் பந்தின் அளவு, மைதானம், நேரம் ஆகியவற்றைக் குறைக்கலாம். ஆனால் உதைச் சட்டங்கள் உலகக்கிண்ணத்துக்கும் கரவெட்டிக் கோட்டமட்டத்துக்கும் ஒன்றுதான்.

தண்ட உதையைக் கேட்டு வாங்கியவரே ஒரு கோல் காப்பாளர் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. அயர்லாந்தின் மில்போர்ட் கிராமத்து வில்லியம் மக்ரம் அவர். 1891 ஜூன் 2இல் சட்டம் நிறைவேறியது. அப்போது புள்ளி கிடையாது. 12 யார் கோட்டில் எங்கே வைத்தும் உதைக்கலாம், காப்பாளர் 6 யார் வரை முன்னால் வரலாம். இன்றைய பெட்டியும் புள்ளியும் 1902இல் வந்தவை. காப்பாளர் பெட்டிக்குள் மட்டுமே பந்தைக் கையாளலாம் என்பது 1912இல் வந்தது. அதற்கு முன் தன் பாதி மைதானம் முழுக்கக் கையால் தொட்டார்.

அதன்பின் எண்பது வருடம் அந்தக் கையில் எவரும் கைவைக்கவில்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைப் பின்னுக்குத் தட்டும். காப்பாளர் எடுப்பார், உருட்டுவார், மறுபடி வாங்குவார். இப்படி நேரத்தைக் கொல்வது சட்டப்படி சரி.

1990 ஜூன் 8இல் இத்தாலியில் உலகக்கிண்ணம் தொடங்கியது. ஜூன் 17இல் அயர்லாந்தும் எகிப்தும் ஆடிய ஆட்டம் 0-0. எகிப்து பந்தைத் தன் காப்பாளரிடமே கொடுத்துக் கொடுத்து நேரம் போக்கியது என்று அயர்லாந்துப் பயிற்றுநர் ஜாக் சார்ல்டன் கொதித்தார். அவருடைய காப்பாளர் பொனரும் அன்று பந்தோடு நிமிடக் கணக்கில் நின்றவர்தான் என்பது வேறு கதை. 52 ஆட்டங்களில் மொத்தம் 115 கோல்கள். இரண்டு அரையிறுதிகளும் தண்ட உதைகளால் முடிந்தன. இறுதியாட்டத்தின் ஒரே கோலும் 85ஆம் நிமிடத்தில் ஜேர்மனியின் பிரெமே அடித்த தண்ட உதைதான்.

அதே ஜூன் மாதம், போட்டி தொடங்கி இரண்டு மூன்று நாளில், இங்கே யுத்தம் மீண்டும் வெடித்தது. மின்சாரம் போனது, போனது போனதுதான், வருடக் கணக்காக வரவில்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. உலகம் சலித்துப்போய்ச் சட்டத்தையே மாற்றக் காரணமான அந்த உலகக்கிண்ணத்தை எங்கள் ஊர்ப் பெடியன்கள் பெரும்பாலும் பார்க்கவே இல்லை. மைதானங்களின் கதை அதற்கும் முந்தியது. 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கைக்குப் பின் நெல்லியடி மத்திய மகாவித்தியாலயமே முகாமாக இருந்தது ஊருக்கே தெரியும்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நாங்கள் கையில் எடுக்க முடிந்ததோடு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்து முகாம்களில் பிள்ளைகள் முதலில் தேடிக்கொண்டது ஒரு பந்தைத்தான்.

1992இல் சட்டம் வந்தது. அந்த ஜூனில் டென்மார்க் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டம்வரை பழைய சட்டம். பார்சிலோனா ஒலிம்பிக்கில் புதியது. தன் அணி வீரன் வேண்டுமென்றே காலால் தந்த பந்தைக் காப்பாளர் கையால் தொட்டால் எதிரணிக்கு மறைமுக உதை. 1997இல் எறிபந்தையும் சேர்த்தார்கள். புத்தளத்தில் இருந்த எங்கள் காதுக்குத் தொலைக்காட்சி வழியாக இது வந்தது. குடாநாட்டில் இருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஒரே ஊரில் பிறந்து ஒரே மணலில் ஓடியவர்கள் இரண்டு சட்டங்களோடு வளர்ந்தோம். திரும்பி வந்து ஒன்றாக நின்று ஆட்டம் பார்க்கும்போதுதான் இது தெரிந்தது.

இனி, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சில.

"காலால்" என்ற சொல்தான் முக்கியம். தலையாலோ நெஞ்சாலோ முழங்காலாலோ கொடுத்தால் காப்பாளர் எடுக்கலாம். ஆனால் சட்டத்தை ஏய்க்கவென்று காலால் கிளப்பித் தலையால் முட்டிக் கொடுத்தால் மஞ்சள் அட்டை. எங்கள் மைதானங்களில் புல் குறைவு, பந்து துள்ளும். ஆகவே பின்னுக்குக் கொடுக்கும்போது கோல் வாய்க்கு நேராகக் கொடுக்காதீர்கள். கம்பத்துக்கு வெளிப்பக்கமாகக் கொடுங்கள். காப்பாளர் காலில் தவறினாலும் மூலை உதையோடு போகும். நேராகக் கொடுத்துத் துள்ளினால் சொந்தக் கோல்.

மறைமுக உதை உங்களுக்குக் கிடைத்தால் அவசரப்பட்டு நேரே கோலுக்கு அடிக்காதீர்கள். இன்னொருவரில் படாமல் உள்ளே போனால் அது கோல் அல்ல, எதிரணிக்குக் கோல் உதை. நடுவர் கையை மேலே தூக்கி வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சின்னப் பெட்டிக்குள் பிழை நடந்திருந்தாலும் உதை 6 யார் கோட்டிலிருந்துதான். பதினொரு பேரும் கோல் கோட்டில் வந்து நிற்பார்கள். ஒருவர் மெல்லத் தொட, இன்னொருவர் உயர்த்தி அடிக்க வேண்டும்.

2019இல் இன்னொரு மாற்றம். கோல் உதை பெட்டியை விட்டு வெளியே போகத் தேவையில்லை. பந்து அசைந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும். நீட்டி உதைக்க முடியாத சின்னக் காப்பாளர்களுக்கு இது பெரிய வசதி. முன்பு பின்கள வீரர் ஒருவர் வந்து உதைத்துக் கொடுப்பார், இப்போது பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டலாம். ஆனால் அவர் அதைத் திருப்பித் தந்தால் கையால் எடுக்க முடியாது. சென்ற தவணையில் எங்கள் பிள்ளைகள் கூடுதலாகப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். தண்ட உதையின்போது காப்பாளரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டில் இருந்தால் போதும் என்றதும் அதே வருடம்தான்.

வேலியோரம் நிற்கும் பெரியவர்களே, இந்த வாரப் பயிற்சிக்கு வாருங்கள். பழைய சட்டத்தில் ஒரு பாதி, புதிய சட்டத்தில் ஒரு பாதி ஆடிக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.