செஞ்சியும் காஞ்சியும்

கோட்டை என்றால் பத்திரமான இடம் என்றுதான் நாம் எண்ணுகிறோம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வழியாக ஒரு நாள் செஞ்சிக்குப் போய் வந்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்து மதில். சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து கிடக்கிறது. பிளவின் மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எமன்கூட ஏற முடியாது!

ஆனாலும் ஏறினார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீபின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் முற்றுகையிட்டான். 1698-ல் கோட்டை விழுந்தது; ராஜாராமோ முன்பே தப்பிவிட்டார். 1714-ல் தேசிங்குராஜன், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டான். பிறகு 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர்.

அதே கலகக் காலத்தில் காஞ்சி மக்கள் மதிலை நம்பவில்லை. 1688-ல் வரதராஜப் பெருமாளை உடையார்பாளையத்துக்கு எடுத்துச் சென்றார்கள். பிணத்தைச் சுமப்பதுபோல் பாடையில் வைத்துச் சுமந்தார்கள் என்பார்கள். 1710-ல் அதே சாதத்துல்லா கானின் அதிகாரியான தோடர்மாலின் உதவியோடு பெருமாள் ஊர் திரும்பினார். கோயில் கல்வெட்டு இதைச் சொல்கிறது. பங்காரு காமாட்சி மட்டும் திரும்பவில்லை, தஞ்சையிலேயே தங்கிவிட்டாள்.

2025-ல் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே கல் இருக்கிறது, ராஜா இல்லை. காஞ்சியில் வைகாசி கருட சேவைக்கு வரதர் இன்றும் வீதிக்கு வருகிறார். அன்று தோள் கொடுத்தவர்களின் பெயர்தான் எந்தக் கோட்டையிலும் இல்லை.