மகிழுந்துத் திரை – திறன்பேசி இணைப்புச் சிக்கல்கள்

மகிழுந்துத் திரை – திறன்பேசி இணைப்பு என்பது, ஓட்டுநரின் திறன்பேசியில் உள்ள நிலப்படம், தொலைபேசி அழைப்பு, இசை, குறுஞ்செய்தி முதலியவற்றைக் காரின் முகப்புப் பலகையில் பொருத்தப்பட்டுள்ள தொடுதிரையின் வழியாகப் பயன்படுத்தும் முறை ஆகும். கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் நிறுவனத்தின் கார்ப்பிளே ஆகியன இவ்வகையில் பரவலாகப் பயன்படுபவை.

இவ்விணைப்பு ஒரே பொருளால் ஆனதன்று. திறன்பேசி, அதன் மென்பொருள், கேபிள் அல்லது கம்பியில்லா இணைப்பு, மகிழுந்தின் திரை, அத்திரையின் மென்பொருள், செல்பேசி வலையமைப்பு ஆகியன ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போல் அமைந்துள்ளன. எந்தக் கண்ணி அறுந்தாலும் ஓட்டுநர் காண்பது பெரும்பாலும் ஒன்றே: திரையில் படம் வருவதில்லை. ஆகவே, எந்தக் கண்ணி அறுந்தது என்று பிரித்தறிவதே பழுது நீக்கத்தின் முதன்மையான பணியாகும். அவ்வாறு பிரித்தறியாதவிடத்து, குறைந்த விலையுள்ள கேபிளின் குறைக்காக விலை உயர்ந்த திரையை மாற்ற நேரிடலாம்.

வரலாறு

செல்பேசியை மகிழுந்துடன் இணைக்கும் முயற்சிகள் புளூடூத் வழியான அழைப்புகளுடன் தொடங்கின. ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டுடன் இணைந்து உருவாக்கிய சிங்க் அமைப்பு 2007 ஆம் ஆண்டில் வெளிவந்தது. செல்பேசியின் திரையை மகிழுந்தில் காட்டும் மிரர்லிங்க் என்னும் முறையை வளர்ப்பதற்காக 2011 ஆம் ஆண்டில் மகிழுந்து, செல்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று உருவானது. இம்முறை நீண்டகாலம் நிலைக்கவில்லை.

ஆப்பிள் நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் அறிவித்த அமைப்பு, 2014 மார்ச்சில் கார்ப்பிளே என்னும் பெயருடன் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு ஆட்டோவை 2014 சூனில் அறிவித்து 2015 மார்ச்சில் வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் ஹூண்டாய் சொனாட்டா இவ்வசதியைப் பெற்றது.

தமிழ்நாட்டில் உற்பத்தியான மகிழுந்துகளில் இம்மாற்றத்தைப் படிப்படியாகக் காணலாம். சென்னையை அடுத்த மறைமலை நகரில் உற்பத்தியாகி 2013 இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் சிங்க் அமைப்பு இருந்தது. ஒரகடத்தில் உற்பத்தியாகி 2020 திசம்பரில் வெளிவந்த நிசான் மேக்னைட்டின் சில வகைகளில் கேபிள் இல்லாமலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்பிளேயும் இயங்கின. ஃபோர்டின் சென்னை உற்பத்தி 2022 ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் பல தலைமுறைத் திரைகளைக் கொண்ட மகிழுந்துகள் ஒரே காலத்தில் ஒரே சாலைகளில் ஓடுகின்றன. ஒருவர் காரில் பயன்பட்ட தீர்வு மற்றவர் காரில் பயன்படாமற் போவதற்கு இது ஒரு காரணமாகும்.

செயற்படும் முறை

ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கார்ப்பிளேயிலும் கணிப்பு வேலை முழுவதும் திறன்பேசியிலேயே நடைபெறுகின்றது. திறன்பேசி தான் உருவாக்கும் படத்தையும் ஒலியையும் திரைக்கு அனுப்புகின்றது. திரையைத் தொடுதல், ஒலிவாங்கியில் பேசுதல் ஆகிய உள்ளீடுகள் திறன்பேசிக்குத் திரும்பி வருகின்றன. எனவே திறன்பேசி மெதுவாக இயங்கினால் திரையும் மெதுவாகவே இயங்கும்.

கம்பிவழி இணைப்பில் இத்தரவுகள் யூஎஸ்பி கேபிளின் வழியே செல்கின்றன. கம்பியில்லா இணைப்பு இரண்டு படிகளில் நிகழ்கின்றது. முதலில் புளூடூத் வழியாகத் திறன்பேசியும் திரையும் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. பின்னர் படத்தையும் ஒலியையும் அனுப்புவதற்கு இரண்டுக்கும் இடையே நேரடி வை-ஃபை இணைப்பு ஏற்படுகின்றது. இவ்விரண்டில் ஒன்று அணைக்கப்பட்டிருந்தாலும் இணைப்பு நிறைவடையாது.

கேபிள் இணைப்பில் தோன்றும் சிக்கல்கள்

யூஎஸ்பி 2.0 கேபிளின் உள்ளே பொதுவாக நான்கு கம்பிகள் உள்ளன. இவற்றுள் இரண்டு மின்சாரத்துக்கும் இரண்டு தரவுக்கும் உரியவை. மின்னேற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் மலிவான கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை. இத்தகைய கேபிளைச் செருகினால் மின்கலம் ஏறும். ஆனால் திரையில் எதுவும் தோன்றாது. நல்ல கேபிளிலும் அடிக்கடி வளையும் இடமான செருகியின் கழுத்துப் பகுதியில் தரவுக் கம்பி முறிந்தால் இதே அறிகுறி தோன்றும். பள்ளத்தில் கார் குலுங்கும்போது மட்டும் இணைப்பு விட்டு விட்டு வந்தால், கேபிள் முறிந்திருத்தல் அல்லது செருகுவாய் தளர்ந்திருத்தல் காரணமாகலாம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு ஏறத்தாழ 1 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள தரமான கேபிள் பரிந்துரைக்கப்படுகின்றது. கேபிள் நீட்டிப்புகளையும் பலவழிச் செருகிகளையும் தவிர்த்தல் நன்று. திறன்பேசியின் செருகுவாயில் சட்டைப்பைப் பஞ்சும் தூசும் சேர்ந்தால் செருகி முழுமையாக உள்ளே செல்லாது. திறன்பேசியை அணைத்துவிட்டு, உலோகம் அல்லாத மெல்லிய குச்சியால் மெதுவாக நீக்கினால் பல வேளைகளில் இச்சிக்கல் தீரும்.

சில மகிழுந்துகளில் ஒன்றுக்கு மேற்பட்ட யூஎஸ்பி துளைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டுமே திரையுடன் இணைந்திருக்கும். பிற மின்னேற்றத்துக்கு மட்டும் உரியவை. மேலும், சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தையே தருவது. நிலப்படம் இயங்கும் திறன்பேசி இதைவிட மிகுதியாக மின்சாரத்தைச் செலவிடலாம். அந்நிலையில் கேபிள் செருகியிருக்கும்போதே மின்கலத்தின் அளவு குறைந்துகொண்டே வரும். இது பழுதன்று.

2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 15 முதல் ஆப்பிள் திறன்பேசிகள் லைட்னிங் செருகிக்கு மாறாக யூஎஸ்பி-சி செருகியைக் கொண்டுள்ளன. புதிய திறன்பேசி வாங்கியவுடன் பழைய கேபிளோடு இணைப்பியைச் சேர்த்துப் பயன்படுத்துவோர், முதலில் அவ்விணைப்பி தரவையும் கடத்துமா என்று பார்க்க வேண்டும்.

கம்பியில்லா இணைப்பில் தோன்றும் சிக்கல்கள்

கம்பியில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் வை-ஃபை வசதியுள்ள திறன்பேசி தேவை. இவ்வசதி இல்லாத குறைந்த விலைத் திறன்பேசிகளில் புளூடூத் அழைப்பு இயங்கினாலும் திரையில் நிலப்படம் வராது. வீட்டு வாசலில் கார் நிற்கும்போது திறன்பேசி வீட்டு வை-ஃபையைப் பற்றிக்கொண்டு திரையின் இணைப்பை விட்டுவிடுவதும் நேரக்கூடியது. மின்சேமிப்பு முறையும் தனிப்பட்ட மறைவலைச் செயலிகளும் சிலவேளை இணைப்பைத் தடுக்கின்றன.

திரை பெரியதாயிருப்பின் எல்லா வசதிகளும் இருக்கும் என்று கொள்ளுதல் தவறு. ஒரே மாதிரிக் காரின் குறைந்த விலை வகையில் கம்பியில்லா இணைப்பும், பெரிய திரையுள்ள உயர்ந்த வகையில் கேபிள் இணைப்பு மட்டுமே அமைந்திருப்பதும் உண்டு. கையேட்டில் அந்த வகைக்குரிய பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

மென்பொருள் சார்ந்த சிக்கல்கள்

முதன்முறை இணைக்கும்போது திறன்பேசியின் பூட்டு திறந்திருக்க வேண்டும். அது கேட்கும் அனுமதிகளை வழங்க வேண்டும். அவசரத்தில் ஓர் அனுமதியை மறுத்தவர்களுக்குப் பின்னர் அழைப்பு மட்டும் வராதிருத்தல், பெயர்ப்பட்டியல் வெறுமையாயிருத்தல் போன்ற சிக்கல்கள் ஏற்படும். கார்ப்பிளே இயங்க சிரி என்னும் குரல்வழி உதவி இயக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆண்ட்ராய்டு 10 பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு ஆட்டோ இயங்குதளத்தின் உள்ளேயே அமைந்துள்ளது. ஆகவே செயலிகளின் பட்டியலில் அதன் படவுரு தோன்றாததைக் கண்டு அது நிறுவப்படவில்லை என்று எண்ண வேண்டியதில்லை. அமைப்புகள் பகுதியில் அதைக் காணலாம். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கான ஆதரவு அவ்வப்போது நிறுத்தப்படுகின்றது.

திறன்பேசியின் மென்பொருள் இற்றைப்படுத்தப்பட்ட மறுநாள் இணைப்பு அறுந்தால், இரு பக்கமும் சேமிக்கப்பட்டுள்ள பழைய இணைப்பை நீக்கிப் புதிதாக இணைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் நீக்குவது போதாது. காரை விற்கும்போதும் வாடகைக் காரைத் திருப்பித் தரும்போதும் இதையே செய்தல் அவசியம். ஏனெனில் புளூடூத் வழியாகத் திரைக்கு வந்த பெயர்களும் தொலைபேசி எண்களும் அங்கேயே தங்கியிருக்கலாம்.

பின்னர் பொருத்தப்பட்ட திரைகள்

பழைய மகிழுந்துகளில் இசைப்பெட்டி இருந்த இடத்தில் கடைகளில் வாங்கிய திரையைப் பொருத்துவது வழக்கம். இவற்றைக் குறித்து ஒரு பெயர்க்குழப்பம் உள்ளது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என விற்கப்படும் திரை, தானே ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்கும் ஒரு கணினியாகும். ஆண்ட்ராய்டு ஆட்டோ என்பதோ திறன்பேசியில் இயங்கி வேறொரு திரையில் காட்டப்படுவது. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்னும் உறுதி இல்லை. வாங்குவதற்கு முன் சொந்தத் திறன்பேசியைக் கடையிலேயே இணைத்துப் பார்ப்பது சிறந்தது.

இயந்திரத்தைத் துவக்கும்போது 12 வோல்ட் மின்கலத்தின் அழுத்தம் சில கணங்கள் வெகுவாகக் குறையும். மின்கலம் பழையதாயின் அல்லது மின்கம்பிகள் சரியாகப் பிணைக்கப்படாவிடின், திரை ஒவ்வொரு முறையும் அணைந்து புதிதாகத் துவங்கும். இதனை இணைப்புச் சிக்கல் எனக் கருதி திறன்பேசியை மாற்றுவதால் பயனில்லை.

எழுமலைப் பகுதிச் சூழல்

எழுமலை மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்து அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். இங்கிருந்து உசிலம்பட்டி வழியாகவும் பேரையூர், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகவும் மதுரையை அடையலாம். உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையங்கள் பெரும்பாலும் மதுரை போன்ற நகரங்களில் இருப்பதால், இத்தகைய ஊர்களில் வாழ்வோருக்கு ஒரு சிறு பழுதும் ஒரு நாள் வேலையையும் எரிபொருளையும் விழுங்கக்கூடியது. இவ்வகை ஊர்களில் மேலும் இரண்டு காரணிகளைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது வெப்பம். மதுரைச் சமவெளியில் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸை நெருங்குவது உண்டு. வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட காரின் உட்புறம் இதைவிடப் பெரிதும் சூடாகும். ஐபோன்கள் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டவை. அளவுக்கு மீறிச் சூடான திறன்பேசி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், மின்னேற்றத்தை நிறுத்தும், சிலவேளை முழுமையாக முடங்கும். காலையில் இயங்கிய இணைப்பு நண்பகலில் மட்டும் அறுந்தால் வெப்பத்தை ஐயுறலாம். திறன்பேசியை முன்கண்ணாடியின் அடியில் வைக்காமல் நிழலான இடத்தில் வைப்பது போதுமானது.

இரண்டாவது செல்பேசி வலையமைப்பு. மலைச்சரிவு குறுக்கிடும் இடங்களிலும் கோபுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு மிகுந்த சாலைகளிலும் அலைகள் வலுவிழக்கும். அப்போது நிலப்படம் வெறுமையான சதுரங்களாகத் தோன்றும். திறன்பேசியில் சேமித்த பாட்டைத் திரையின் வழியே ஒலிக்கச் செய்து இதனை எளிதில் சோதிக்கலாம். பாட்டு ஒலித்து நிலப்படம் மட்டும் வராவிட்டால் இணைப்பு நலமாக உள்ளது, தவறியது வலையமைப்பே. இரண்டும் இல்லையெனில் இணைப்பை ஆராய வேண்டும். இருப்பிடத்தை அறியும் ஜிபிஎஸ் அலைகள் செயற்கைக்கோள்களிலிருந்து நேராக வருவதால் அதற்குச் செல்பேசி வலையமைப்பு தேவையில்லை. எனவே புறப்படும் முன் அப்பகுதியின் நிலப்படத்தைத் திறன்பேசியில் பதிவிறக்கி வைத்தால் வலையமைப்பு இல்லாத இடத்திலும் வழிகாட்டல் தொடரும்.

கண்டறியும் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே பொதுவிதி. பலவற்றை ஒருங்கே மாற்றினால், சரியானாலும் காரணம் விளங்காது. செலவில்லாதவற்றிலிருந்து தொடங்கும் வரிசை பின்வருமாறு:

1. காரைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்துதல்.
2. திறன்பேசியை அணைத்து மீண்டும் இயக்குதல்; பின்னர் திரையையும் அவ்வாறே செய்தல்.
3. சரியான யூஎஸ்பி துளையில் வேறொரு தரவுக் கேபிளைச் செருகிப் பார்த்தல்.
4. அதே கேபிளால் திறன்பேசியைக் கணினியுடன் இணைத்தல். கணினியில் கோப்புகள் தெரிந்தால் கேபிளும் திறன்பேசியின் செருகுவாயும் நன்றாக உள்ளன.
5. வேறொருவரின் திறன்பேசியை அதே காரில் இணைத்தல். அது இயங்கினால் குறை முதல் திறன்பேசியில் உள்ளது. இயங்காவிட்டால் திரையையோ காரின் துளையையோ ஐயுறலாம்.
6. சேமித்த இணைப்பை இரு பக்கமும் நீக்கி, மென்பொருளை இற்றைப்படுத்தி, புதிதாக இணைத்தல்.
7. திரையைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புதல். இதனால் சேமித்த விவரங்கள் அழியும் என்பதால் இதனை இறுதியில் செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி செலவில்லாதது. ஆனால் பழுதுபார்ப்பு நிலையத்துக்குச் செல்ல வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கின்றது.

சட்டமும் பாதுகாப்பும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கின்றது. அறுந்த இணைப்பைச் சரிசெய்ய 5 நொடிகள் கண்ணைத் திருப்பும் ஓட்டுநர் 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பாராமலே செல்கின்றார். கண்ணைச் சாலையில் வைத்திருக்க உதவுவதற்காக ஏற்பட்ட இவ்வசதி, பழுதுறும்போது அதற்கு நேர்மாறாக அமைகின்றது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 184 ஆவது பிரிவு 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி, வாகனம் ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தாக ஓட்டுதலில் அடங்கும். முதற்குற்றத்துக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்காத வகையில் வழியறிவதற்கு மட்டும் இக்கருவிகளைப் பயன்படுத்த இடமளித்தது. எனவே, ஓடும்போது இணைப்பு அறுந்தால் அதனை அப்படியே விட்டுவிட்டு, நிறுத்தத்தக்க இடம் வந்த பின்னரே சரிசெய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

புளூடூத்
யூஎஸ்பி
வை-ஃபை
ஜிபிஎஸ்
எழுமலை