போனில் விரல் வைத்தால் இதய நோய் தெரியுமா? உங்கள் கையில் இருக்கும் கருவியால் எது முடியும், எது முடியாது

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து ஒருநாள் இரவு அவருக்கு நெஞ்சில் ஒரு அழுத்தம், லேசான வியர்வை. வாட்சில் ஈசிஜி எடுத்துப் பார்க்கிறார். 'சைனஸ் ரிதம்' என்று வருகிறது. "பாரு, ஹார்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெறும் கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு ஒரு ஜெலுசிலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் போனை வைத்து இதயத்தைப் பரிசோதிப்பது பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. வாட்ச் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. அப்பா கேட்க நினைத்த கேள்வி வேறு.

போன் எதை அளக்கிறது?

முதல் வழி, வெளிச்சம். கேமரா மேல் விரலை வைத்ததும் ஃபிளாஷ் எரியும். ஒவ்வொரு துடிப்பிலும் விரல் நுனிக்கு ரத்தம் பாயும்போது அது உறிஞ்சும் ஒளியின் அளவு கொஞ்சம் மாறும். கேமரா அந்த மாற்றத்தைப் படம்பிடித்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு செய்வதும் இதே வேலைதான்.

இரண்டாவது, மின்சாரம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உண்டாகும் சிறிய மின் ஓட்டத்தைப் பதிவு செய்வதுதான் ஈசிஜி. இதற்கான கருவியை உருவாக்கிய நெதர்லாந்து விஞ்ஞானி வில்லெம் ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ! நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இன்று இடது மணிக்கட்டில் வாட்சைக் கட்டி, வலது விரலை அதன் மேல் 30 விநாடி வைத்தால் போதும். அவர் இரண்டு கைகளுக்கு நடுவில் அளந்த அதே ஒற்றைக் கோடு கிடைத்துவிடுகிறது. போனோடு சேர்ந்து வேலை செய்யும் அலைவ்கோர் ஈசிஜி கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2012-இல் அனுமதி தந்தது. ஆப்பிள் வாட்சின் ஈசிஜிக்கு 2018-இல் அனுமதி வந்தது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. படுத்துக்கொண்டு போனை நெஞ்சின் மேல் வைத்தால், திரை சுழல்வதற்காகப் போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகளே இதயத்தின் அதிர்வைப் பிடித்துவிடும். பின்லாந்தின் டுர்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300 பேரிடம் இதைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவீதம் அளவுக்குத் துல்லியம் இருந்தது. தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எந்த நோயைத் தேடுகிறோம்?

மூன்று வழிகளும் முக்கியமாகத் தேடுவது ஒரே ஒரு கோளாறைத்தான். அதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென நடுங்கும் நிலை இது. துடிப்பு தாளம் தப்பிப் போகும். ரத்தம் அங்கேயே தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

சிக்கல் என்னவென்றால், பலருக்கு இது இருப்பதே தெரியாது. வரும், போகும். டாக்டரிடம் போகிற நாளில் ஈசிஜி நார்மலாக இருக்கும். அதனால் எப்போதும் கூடவே இருக்கும் கருவி ஒன்று இதைக் கண்காணிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எச்சரிக்கை வந்தால் நோய் உறுதியா?

ஆப்பிள் நிதியுதவியுடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். சுமார் நான்கு மாதத்தில் 'துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது' என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு மட்டும். அதாவது 0.52 சதவீதம். 65 வயதைத் தாண்டியவர்களில் இது 3.1 சதவீதம், 40 வயதுக்குக் கீழே வெறும் 0.16 சதவீதம்.

எச்சரிக்கை வந்தவர்களுக்கு நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஈசிஜி பட்டை தபாலில் அனுப்பப்பட்டது. அதைத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கே கோளாறு பதிவானது. உடனே 'மூன்றில் இரண்டு பொய்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வந்து வந்து போகும் கோளாறு, பட்டை வந்து சேரும் நாளில் போயிருக்கலாம். பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே வாட்சும் எச்சரித்த சந்தர்ப்பங்களை மட்டும் பார்த்தால், 84 சதவீதம் சரியாக இருந்தது.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் நீங்கள் முப்பதைத் தொட்டவர், சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை என்றால், இந்த வசதியால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எவ்வளவு நல்ல சோதனையும் வீண் பதற்றத்தைத்தான் அதிகம் உண்டாக்கும். பயன் உங்கள் அம்மா அப்பாவுக்குத்தான்.

குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் இதைக் கிராம அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆறு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் போன் ஈசிஜியோடு வீடு வீடாகப் போனார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி 354 பேரில் சுமார் 5 சதவீதத்தினருக்குத் தாளக் கோளாறின் அறிகுறி தெரிந்தது. பிறகு அதே வட்டாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்தபோது அது 1.6 சதவீதம். எண்ணிக்கை குறைந்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: டாக்டர் இல்லாத ஊரிலும் பயிற்சி பெற்ற ஒருவரும் ஒரு போனும் இருந்தால் முதல் சல்லடை சாத்தியம். ஆனால் நம் நாட்டில் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, அதனால் தாளம் தப்பியவர்களும் நிறைய. வால்வை ஈசிஜி காட்டாது, எக்கோதான் காட்டும்.

கண்டுபிடித்துவிட்டால் உயிர் பிழைக்குமா?

இங்கேதான் விளம்பரங்கள் மௌனமாகிவிடுகின்றன. ஜெர்மனியில் 50 வயதைத் தாண்டிய 5,551 பேரிடம் நடந்த ஆய்வில், போன் கேமராவில் அடிக்கடி விரல் வைத்துப் பார்த்த குழுவில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான கோளாறு 1.33 சதவீதத்தினருக்குப் பிடிபட்டது. வழக்கமான முறையில் இருந்தவர்களிடம் 0.63 சதவீதம். இரண்டு மடங்கு, நல்ல விஷயம்தான்.

ஆனால் டென்மார்க்கில் 70 வயதைக் கடந்த சுமார் 6,000 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள். ஒரு பகுதியினருக்குத் தோலுக்கு அடியிலேயே கருவி பொருத்தி, ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். அவர்களில் 31.8 சதவீதத்தினருக்குக் கோளாறு பிடிபட்டது, மற்றவர்களில் 12.2 சதவீதம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் கொடுக்கப்பட்டது. இருந்தும் பக்கவாதம் 5.6-இலிருந்து 4.5 சதவீதமாகத்தான் குறைந்தது. புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வித்தியாசம் இல்லை. எப்போதாவது சில நிமிடம் வந்து போகும் படபடப்பும், நாள் கணக்கில் நீடிப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பது ஒரு விளக்கம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2022-இல் சொன்னதற்கும் இத்தகைய முடிவுகளே பின்னணி.

மாரடைப்பைப் பிடிக்காதா?

பிடிக்காது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போதும் துடிப்பின் தாளம் ஒழுங்காகவே இருக்கலாம். மருத்துவமனையில் நெஞ்சிலும் கை கால்களிலும் ஒட்டி எடுக்கும் 12 கோட்டு ஈசிஜி, இதயத்தை 12 கோணத்தில் பார்க்கிறது. வாட்ச் பார்ப்பது ஒரே ஒரு கோணம். 'சைனஸ் ரிதம்' என்றால் தாளம் சரி என்று அர்த்தம், அவ்வளவுதான். குழாய் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தயாரித்த நிறுவனமே இந்த ஈசிஜி மாரடைப்பைக் கண்டறியாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறது, யார் படிக்கிறோம்?

நம்மவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக. நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை அல்லது தாடை வலி, மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் வாட்சைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு 2023 முதல் இருக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பிரஷர் பார்க்கும் ஆப்கள்?

'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஒரு ஆப் 2014-இல் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. போனை நெஞ்சில் வைத்து, கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் சொல்லிவிடுமாம். ஆய்வாளர்கள் சோதித்தபோது, உண்மையில் பிரஷர் அதிகம் இருந்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேரை அது 'அதிகம் இல்லை' என்று அனுப்பிவைத்தது. பிறகு அந்நாட்டின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இன்றும் அதே மாதிரி இலவச ஆப்கள் கிடைக்கின்றன. கையில் பட்டை கட்டாமல் பிரஷர் சொல்லும் எந்த ஆப்பையும் நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வாட்சில் தாளம் தப்பிய எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை அசைக்காமல் ஈசிஜி எடுங்கள். அதை பிடிஎஃப்பாகச் சேமித்து, தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதோடு டாக்டரிடம் காட்டுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. வயது, பிரஷர், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் டாக்டர் அதை முடிவு செய்வார்.

அப்பாவுக்கு வாட்ச் வாங்கும் பட்ஜெட் இருந்தால், அதோடு கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ஒரு பிரஷர் மெஷினையும் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். வாட்சைவிட அதன் விலை ரொம்பக் குறைவு.