இது எந்த ஊரு பழம்?

போன மாசம் பதுளை டவுன்ல டிராகன் பழம் ஒன்று வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மாயி அதை உருட்டிப் பார்த்துட்டு, "இது எந்த ஊரு பழம்?" என்று கேட்டாங்க. சாதாரணக் கேள்விதான். ஆனா நம்ம மலையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

டிராகன் பழம் ஒரு கள்ளிக் கொடி. தண்டிலிருந்தே வேர் விட்டு மரத்தையோ தூணையோ பிடித்து ஏறும். பூ ராத்திரியில் விரியும், விடிஞ்சா வாடிவிடும். பிறந்த இடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அதை வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அது அந்த நாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பழம். 2021இல் குஜராத் அரசு அதற்குக் 'கமலம்' என்று பெயரே வைத்துவிட்டது. லயத்து வாசலில் பழைய டின்னில் வளர்க்கிறோமே, ராத்திரி பூக்கும் கடுபுல், அதுவும் அதே பக்கத்திலிருந்து வந்த கள்ளிதான். அதை யாரும் வெளியூர் என்று சொல்வதில்லை.

ஊவா மலையை மாற்றிய கோப்பியும் தேயிலையும்கூட வந்தவைதான். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி படிப்படியாக அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை பரவி, 'சிலோன் டீ' என்று நாட்டின் பெயரையே எடுத்துக்கொண்டது.

அதை நட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த பிறகு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களிடம் கேட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை. கடைசியாக மிஞ்சியவர்களுக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமை தந்தது. ஒரு செடிக்கு ஊர்ப்பெயர் கிடைக்கச் சில பத்து வருஷம் போதும். ஆட்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

குடியுரிமை வந்தாச்சு, சரி. மண்? இந்தக் கொடிக்கு ஒரு தூண் நட்டு ஒழுங்கா பார்த்தா இருபது வருஷம்கூடக் காய்க்கும். அதை நம்பி நட, காலடி மண் நம்ம பேரில் இருக்கணும். லயத்தில் இருக்கிற பலருக்கு இன்னும் அது இல்லை.

பழத்தைச் சாப்பிட்டுட்டு, "ஒரு துண்டுக் கொடி கிடைக்குமா?" என்று அம்மாயி கேட்டாங்க. கொடி கிடைக்கும். நட இடத்தை யாரிடம் கேட்பது?